வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன்: சொல் கேளாத மாணவனை எப்படிப் பழக்கிறது?

பரந்தன்வெளி கேட்டது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டப் பழக்கிறன். இப்ப பழகிற ஒரு பெடியனோட முன்னுக்குப் போகவும் ஏலாமல், நிப்பாட்டவும் ஏலாமல் நிக்கிறன். பழக்கின ஆக்கள் வழி சொல்லுங்கோ.

ட்ரோனுக்கு விசிறி பூட்டின நாலு கை, 10 லீற்றர் தாங்கி, முழுப் பாரத்தில 25 கிலோவுக்குக் கிட்ட வரும். பெடியனுக்கு வயது 22. ஃபோனில கேம் விளையாடிப் பழகின கை, நல்ல வேகம். வயல் எல்லையைக் குறிச்சு ஓட்டோவில, அதாவது ட்ரோன் தானாப் பறக்கிற முறையில, விட்டால் வடிவா முடிச்சுக்கொண்டு வாறான். கையால ஓட்டுற மனுவலுக்கு மாத்தினால்தான் குழப்பம்.

ட்ரோனின்ட மூக்கு எங்களைப் பாத்து வரேக்க றிமோட் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளுறான். நான் "விடு" எண்டு சொன்னால் விடாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். பறக்க முன்னம் பாக்க வேண்டிய செக் லிஸ்ற்றைக் கேட்டால் "நேற்றுப் பாத்ததுதானே சேர்" எண்டுறான். மனுவல் பழகு எண்டால் "ஓட்டோவிலதானே அடிக்கப் போறன், இது எதுக்கு?" எண்டு வாதாடுறான். இதுவரைக்கும் 11 பறப்பு, எல்லாம் சேத்து ரெண்டு மணித்தியாலம். கடைசிப் பறப்பில வரம்புச் சரிவில ஒரு கால் தட்டி ட்ரோன் கவிண்டு, ரெண்டு விசிறியும் ஒரு கையும் முறிஞ்சது.

தகப்பன் லீசிங்கில ட்ரோன் எடுத்திட்டார். காலபோக விதைப்புக்கு இன்னும் 5 கிழமை. "எப்ப தம்பி இவன் தனிய அடிப்பான்?" எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறார். அவருக்கு என்ன சொல்லுறது, பெடியனை எப்படித் திருத்திறது?

வரம்போரம் எழுதியது:

அண்ணை, பெடியனின்ட குணத்தைப் பிறகு பாப்பம். முதல் பழக்கின ஒழுங்கைப் பாப்பம். 11 பறப்பில எத்தினை ஓட்டோ? ஓட்டோவை முதல் காட்டினால் யாராயிருந்தாலும் அதுதான் ஓட்டிறது எண்டு நினைப்பான். அவன் வாதாடுறதுக்கு அரைவாசிக் காரணம் அதுதான். முதல் ஓட்டோ, பிறகு மனுவல் எண்டு போனால், மனுவல் அவனுக்குத் தண்டனை மாதிரித் தெரியும். ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கோ.

பெரிய ட்ரோனை ஒரு கிழமைக்கு ஒதுக்கி வையுங்கோ. உள்ளங்கை அளவு சின்ன ட்ரோன் ஒண்டு, ஜீபீஎஸ் இல்லாதது, வாங்கிக் குடுங்கோ. ஜீபீஎஸ் உள்ள ட்ரோன் குச்சியை விட்டவுடன தானாப் பிறேக் பிடிச்சு நிக்கும். இல்லாதது காத்து இழுத்த பக்கம் மிதந்துகொண்டே போகும், அவன்தான் பிடிச்சு நிப்பாட்ட வேணும். கை உண்மையாப் பழகிறது அதிலதான். காத்தில்லாத இடம் வேணும்: வெறும் நெல்லுக் களஞ்சியம், பொதுமண்டபம். நிலத்தில 1.5 மீற்றர் சதுரம் சோக்கால கீறுங்கோ. அதுக்குள்ள நெஞ்சு உயரத்தில 60 செக்கன் நிக்க வேணும். முதல் வால் எங்கட பக்கம். பிறகு இடப்பக்கம் காட்டி, பிறகு வலப்பக்கம் காட்டி. கடைசியா மூக்கு எங்கட பக்கம். ஒவ்வொண்டும் தொடர்ந்து மூண்டு தரம் சரி வந்தால்தான் அடுத்தது. இடையில ஒருக்கால் கோட்டைத் தாண்டினால் எண்ணிக்கை திரும்பப் பூச்சியத்தில இருந்து.

மூக்கு எங்களைப் பாத்து வரேக்க என்ன மாறுது எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தினீங்களோ? வலக்கைக் குச்சிதான் தலைகீழாகும்: இடம் வலமாகும், முன் பின்னாகும். இடக்கைக் குச்சியில ஒண்டும் மாறாது. ஏத்தம் ஏத்தம்தான், இறக்கம் இறக்கம்தான், சுத்திறதும் மேல இருந்து பாக்கிற ஆளுக்கு எப்பவும் ஒரே பக்கம். "எல்லாம் தலைகீழ்" எண்டு நினைக்கிற பெடியன் ரெண்டு கையையும் குழப்புவான். பாதிதான் மாறுது எண்டு தெரிஞ்சால் பயமும் பாதியாகும்.

அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு. சாயிற வேலிக்கு எந்தப் பக்கம் முட்டுக் குடுப்பம்? சாயிற பக்கம். மூக்கு எங்களைப் பாக்கேக்க ட்ரோன் என்ர இடப்பக்கம் வழுக்கினால், குச்சியையும் என்ர இடப்பக்கமே தள்ள வேணும். அது முட்டு. இதை வாயால சொல்லிச் சொல்லி 50 தரம் செய்யட்டும். யோசிச்சுச் செய்யிற வரைக்கும் பழகேல்லை. யோசிக்க முன்னம் கை போனால்தான் பழகினது.

கவிண்டதைப் பற்றியும் சொல்ல வேணும், அது திரும்ப நடக்கும். ஒரு கால் வரம்பில தட்டி மற்றக் கால்கள் காத்தில நிக்கேக்க பக்கவாட்டுக் குச்சி போட்டால், தட்டின கால் கீல் மாதிரி நிண்டு ட்ரோன் அதைச் சுத்திக் கவிழும். அந்த நேரம் குச்சியைத் திருப்பிப் பிடிச்சாலும் மீளாது. சாய்வு ஒரு அளவைத் தாண்டினால் விசிறியின்ட இழுவையே மிச்சத்தையும் கவிழ்த்துப்போடும். இறங்கேக்க பக்கவாட்டில சின்ன நகர்வு தெரிஞ்சாலும் இறக்கிறதை விட்டிட்டு ஒரு மீற்றர் மேல எடுத்து, நிப்பாட்டி, திரும்ப இறக்க வேணும். அதுக்கு அவனுக்கு அவமானம் வரக் கூடாது. "திரும்ப எடுத்தாய், நல்லது" எண்டு நீங்கள் சொல்ல வேணும். திரும்ப எடுக்கிறதைத் தோல்வி எண்டு நினைக்கிறவன்தான் குச்சியைக் கீழ அமத்தி முறிக்கிறவன். இறங்கிறது எப்பவும் சமதரையில, 2 மீற்றர் சதுரப் படங்கு விரிச்சு. இந்த வெயில் காலத்தில தரிசு வயல் புழுதி விசிறிக் காத்தில கிளம்பிப் பார்வையையும் மறைக்கும், மோட்டருக்குள்ளயும் போகும். படங்கைச் சுத்தித் தண்ணி தெளியுங்கோ.

இன்னொண்டு, உயரத்தில இருந்து நேரா வேகமாக் கீழ இறக்க விடாதேங்கோ. தான் கீழ தள்ளின காத்துக்குள்ள தானே இறங்கினால் விசிறிக்குப் பிடி இல்லாமல் போய் ட்ரோன் ஆடி ஆடி விழும். அப்ப பதறி ஏத்தக் குச்சியைத் தள்ளினால் இன்னும் மோசம். முன்னுக்கோ பக்கத்துக்கோ நகர்த்தி நல்ல காத்துக்குள்ள கொண்டு போக வேணும். சரிவா இறக்கினால், செக்கனுக்கு 2 மீற்றருக்குக் குறைய இறக்கினால், இந்தப் பிரச்சினை வராது.

வானோடி எழுதியது:

ஆள் ஏறும் சிறு விமானங்களில் பயிற்சி அளிக்கும் முறையிலிருந்து மூன்று விடயங்கள் இங்கே அப்படியே பொருந்தும்.

முதலாவது, கட்டுப்பாடு யார் கையில் என்பதில் ஒரு செக்கன்கூடச் சந்தேகம் இருக்கக் கூடாது. இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பிடித்திருப்பதும் ஆபத்து, இருவரும் விட்டுவிட்டு மற்றவர் பிடித்திருக்கிறார் என்று நினைப்பதும் ஆபத்து. அதனால் கைமாற்றம் மூன்று சொல்லில் நடக்கும். பயிற்றுநர் "எனக்கு" என்பார். மாணவர் கையை எடுத்து "உங்களுக்கு" என்பார். பயிற்றுநர் பிடித்தபின் திரும்பவும் "எனக்கு" என்று உறுதிப்படுத்துவார். மூன்றாவது சொல் வரும்வரை மாற்றம் முடியவில்லை. இதை மோட்டர் ஓடாத றிமோட்டில், நிலத்தில் நின்றபடி, ஒரு நாளைக்கு இருபது தரம் செய்யுங்கள். ட்ரோன் பறக்கும்போது முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தால் அது கட்டளையாக அல்ல, கூச்சலாகவே அவன் காதில் விழும்.

நீங்கள் "விடு" என்று சொல்ல அவன் இறுக்கிப் பிடிப்பதை அடங்காமை என்று எடுக்க வேண்டாம். பதற்றத்தில் மனிதக் கை மூடும், திறக்காது. விமானத்திலும் பயந்த மாணவர் பிடியை விடாமல் உறைந்து போவதுண்டு. திறக்கப் பழக்க வேண்டும். அமைதியான வானில், நல்ல உயரத்தில், ஆபத்தே இல்லாதபோது, பத்து நிமிடத்தில் ஆறேழு தரம் எதிர்பாராமல் "விடு" என்று சொல்லுங்கள். ஜீபீஎஸ் உள்ள ட்ரோன் தானாக நிற்பதை அவன் கண் காணட்டும். விட்டால் விழாது என்ற நம்பிக்கை கைக்கு வந்த பிறகுதான் கை திறக்கும்.

கட்டளைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம்: "விடு", "மேல", "எனக்கு". மூக்குத் திரும்பி நிற்கும்போது "இடது", "வலது" என்று கத்தாதீர்கள். யாருடைய இடது? "வாய்க்கால் பக்கம்", "பனைப் பக்கம்" என்று நிலத்தைச் சொல்லுங்கள். பறப்பதற்கு முன் இருவரும் நின்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பேச்சைக் குறையுங்கள். கை நிறைந்த வேலையில் இருப்பவனுக்கு முதலில் அடைபடுவது காது. அவன் உங்களை அலட்சியம் செய்வதாகத் தோன்றும் பல தருணங்களில் அவனுக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது. பறக்கும்போது கட்டளை மட்டும். விளக்கம் எல்லாம் இறங்கிய பின். இறங்கியதும் அவன்தான் முதலில் பேச வேண்டும்: என்ன செய்ய நினைத்தாய், என்ன நடந்தது, அடுத்த தரம் எதை மாற்றுவாய். அவன் சொல்லாமல் விட்டதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், அதுவும் ஒரு பறப்புக்கு ஒரு பிழை. ஐந்து பிழையை ஒன்றாக அடுக்கினால் ஒன்றும் திருந்தாது. ஒரு தடவை 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும். களைத்த கையில் பிழைதான் பழகும்.

மூன்றாவது, மனப்பாங்கு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு ஆபத்தான மனப்பாங்கு ஐந்து என்று சொல்லும்: எனக்கு யார் சொல்வது என்பது, யோசிக்காமல் உடனே செய்வது, எனக்கு ஒன்றும் நடக்காது என்பது, செய்து காட்டுகிறேன் பார் என்பது, இனி என்ன செய்தும் பயனில்லை என்று கைவிடுவது. ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்தும் உண்டு. உங்கள் மாணவரின் "நேற்றுப் பார்த்ததுதானே" மூன்றாவது வகை. அதற்குத் திட்டு மருந்தல்ல. "எனக்கும் நடக்கலாம்" என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் முன், பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, ட்ரோனில் ஒரு பிழையை நீங்கள் வைத்துவிடுங்கள்: ஒரு கையின் பூட்டை இறுக்காமல் விடுவது, தாங்கி மூடியைத் தளர்த்துவது, மருந்து விசிறும் நொசில் ஒன்றை அடைப்பது. வைத்ததை உங்கள் கொப்பியில் எழுதுங்கள். அவன் வாய்விட்டு வாசித்து, கையால் தொட்டு, தேட வேண்டும். கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பற்றரி போடுமுன் நீங்களே கொப்பியைப் பார்த்துச் சரிசெய்து விடுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடும் பயிற்றுநர்தான் ஆபத்தானவர்.

"இது எதுக்கு?" என்ற கேள்வியை மட்டும் அடங்காமையில் சேர்க்காதீர்கள். அது நியாயமான கேள்வி. பதில் கிடைக்காததால் வாதமாகியிருக்கிறது.

பரந்தன்வெளி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. 11 பறப்பில 8 ஓட்டோ. வரம்போரம் சொன்னது சரி, ஒழுங்கு பிழைச்சது என்ர பக்கம்தான். என்னட்டை றிமோட் ஒண்டுதான், ரெண்டாவது றிமோட் இணைக்கிற வசதி இந்த மாடலில இல்லை. அப்ப "எனக்கு" எண்டு எப்பிடி வாங்கிறது? "ஓட்டோ இருக்க மனுவல் எதுக்கு" எண்டதுக்கு அவன் ஏற்கிற மாதிரி என்ன பதில்?

கமக்காரி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வயல்தான் பதில். அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்துக்குக் கீழ உள்ள வயல்களைக் காட்டுங்கோ. எங்கட பக்கம் எல்லாக் காணியும் பெட்டி மாதிரி இல்லை. வாய்க்கால் வளைஞ்ச இடத்தில வயலும் வளைஞ்சிருக்கு. வரம்பில பனை நிக்குது, மருது நிக்குது, மோட்டருக்கு இழுத்த கரண்ட் வயர் குறுக்கால போகுது. ஓட்டோ கோடு இவற்றில இருந்து தள்ளித்தான் ஓடும், தள்ளி ஓட வைக்கவும் வேணும். விட்ட மூலையளை யார் அடிக்கிறது? அறக்கொட்டிப் பூச்சி அந்த மூலையில மிஞ்சினால் அங்கயிருந்தே திரும்பப் பெருகும். தலைமாட்டு வரம்பு, மர நிழல், ஒடுங்கின முக்கோணம் எல்லாம் மனுவல்தான். ஜீபீஎஸ் இடையில குழம்பினால் ஓட்டோ நிண்டிடும், அந்த நேரம் நெல்லுக்கு மேல 25 கிலோ மிதந்துகொண்டு நிக்கும். அதையும் கைதான் கொண்டு வர வேணும்.

அடுத்தது மருந்தின்ட அளவு. கணக்கை அவனையே போட வையுங்கோ, கணக்கோட யாரும் வாதாட ஏலாது. ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர். விசிறல் அகலம் 4 மீற்றர், வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் எண்டால் செக்கனுக்கு 20 சதுர மீற்றர். ஒரு ஏக்கருக்கு 202 செக்கன். ஏக்கருக்கு 10 லீற்றர் போக வேணும் எண்டால் பம்ப் நிமிசத்துக்கு 3 லீற்றர் தள்ள வேணும். இப்ப பம்ப்பை அதில நிலையா வைச்சு, கை வேகக்காரன் 6.5 மீற்றரில ஓட்டினால் 156 செக்கனில முடியும், போனது 7.8 லீற்றர். ஐஞ்சில ஒரு பங்குக்கு மேல குறைவு. களை சாகாது. பயந்து 4 மீற்றரில ஊர்ந்தால் 12.6 லீற்றர், தாங்கி ஏக்கர் முடிய முன்னம் காலி, அடிச்ச இடம் கருகலாம். ஓட்டோவில பம்ப் வேகத்துக்கு ஏத்த மாதிரித் தானே மாறும். மனுவலில சில மாடல்களில மாறாது. உங்கட மாடல் எப்பிடி எண்டு வாளியும் மணிக்கூடும் வைச்சு அளந்து பாருங்கோ.

பழகிற காலம் முழுக்க வெறும் தண்ணி மட்டும். வெள்ளைக் கடதாசித் துண்டுகளை 4 மீற்றர் அகலத்துக்கு அரை மீற்றருக்கு ஒண்டாத் தடியில குத்தி, தண்ணியில கொஞ்சம் சாயம் கலந்து, மேலால ஓடச் சொல்லுங்கோ. துளி எங்க அடர்த்தி, எங்க இல்லை எண்டு கடதாசி சொல்லும். பயிர் நுனிக்கு மேல 2 முதல் 3 மீற்றர் உயரம். அதுக்குக் கீழ போனால் விசிறிக் காத்து நெல்லை வகிடு பிரிச்சுக் கோடு கோடாத்தான் மருந்து விழும், கதிர் முத்தின நெல் சாஞ்சும் போகும். மேல போனால் மருந்து பக்கத்துக் காணியில. பக்கத்துக் காணியில உழுந்தோ பயறோ கச்சானோ நிண்டால், நெல்லுக்கு அடிக்கிற களைகொல்லியில எது என்ன செய்யும் எண்டு லேபல் பாத்துத்தான் தொட வேணும்.

காத்து செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேல எண்டால் மருந்தடி இல்லை. அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர். 2 மீற்றர்த் தடியில மெல்லிய பொலித்தீன் நாடா கட்டி நடுங்கோ. அளவுக் கருவி ஒண்டு வாங்கி, நாடா எந்தச் சாய்வில நிண்டால் 3 மீற்றர் எண்டு ஒருக்காப் பாத்து வைச்சால் பிறகு நாடாவே போதும். ஓட்டுறவர் நிக்கிறது காத்து வாற பக்கம். அடிக்கத் தொடங்கிறது காத்துப் போற பக்க விளிம்பில இருந்து.

பெடியன் செக் லிஸ்ற்றைத் தாண்டுறது எனக்கு எல்லாத்தையும் விடப் பயம், ஏனெண்டால் அடுத்ததா அவன் தாண்டப் போறது கையுறையை. முதுகுத் தாங்கியில ஏக்கருக்கு 100 லீற்றருக்கு மேல கலக்கிற அதே மருந்து இங்க 10 லீற்றரில. பத்து மடங்குக்கு மேல தடிப்பு. ஒரு சொட்டுத் தோலில பட்டால் பழைய பத்துச் சொட்டு. கலக்கிறது முகமூடி, கண்ணாடி, நைற்றைல் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டையோட. முதல் வாளியில அரைவாசித் தண்ணி, பிறகு தூள் மருந்து, அது நல்லாக் கரைஞ்ச பிறகு குழம்பு மருந்து, கடைசியா எண்ணெய்க் கரைசல். மாறிப் போட்டால் திரண்டு நொசிலை அடைக்கும். வடிகட்டித்தான் தாங்கிக்குள்ள. கழுவின தண்ணியை வாய்க்காலில விடவே கூடாது, அது அடுத்த ஊர்க் கிணத்துக்குப் போற தண்ணி. மூண்டு தரம் கொஞ்சம் கொஞ்சமா அலசி, அடிச்ச வயலிலயே தெளிச்சு விடுங்கோ.

வரம்போரம் எழுதியது:

ஒரு றிமோட் எண்டால் இப்பிடிச் செய்யுங்கோ. நீங்கள் அவனுக்கு இடப்பக்கம், அரை அடி பின்னுக்கு, தோளுக்குத் தோள். றிமோட்டுக்குக் கழுத்துப் பட்டி போடாதேங்கோ, போட்டால் பறிக்க ஏலாது. "எனக்கு" எண்டவுடன அவன் ரெண்டு பெருவிரலையும் மேல தூக்க வேணும். கையைக் குச்சியில வைச்சபடி தரப்படாது. விரல் மேல போனதும் ட்ரோன் நிக்கும், நிண்டபடியே நீங்கள் வாங்கலாம். இதை ஜீபீஎஸ் நல்லா இருக்கேக்க மட்டும் நம்புங்கோ. ஒரு றிமோட்டில ஜீபீஎஸ் இல்லாமல் பெரிய ட்ரோனைப் பழக்கிற வேலையே வேண்டாம், அதுக்குத்தான் சின்னது. பழகிற நேரம் ட்ரோன் உங்கள் ரெண்டு பேரிலயும் இருந்து 15 மீற்றருக்குக் கிட்ட வரக் கூடாது. விட்டுப் பிடிக்க ரெண்டு மூண்டு செக்கனாவது வேணும்.

சில மாடல்களில ரெண்டு குச்சியையும் கீழயும் உள்ளுக்குமா இழுத்தால் மோட்டர் நிக்கும், காத்தில இருந்தாலும் நிக்கும். பதறுற கை அப்பிடித்தான் இழுக்கும். கைப்புத்தகத்தில உங்கட மாடலுக்கு என்ன எண்டு பாத்து, முதல் நாளே சொல்லி வைக்க வேணும்.

பிறேக் தூரத்தையும் அவனே அளக்கட்டும். முழுத் தாங்கித் தண்ணியோட 5 மீற்றர் வேகத்தில வந்து, ஒரு தடிக்கு நேர குச்சியை விடச் சொல்லுங்கோ. நிண்ட இடத்தில இன்னொரு தடி. பிறகு வெறும் தாங்கியோட. பிறகு அரைத் தாங்கியோட: உள்ளுக்குத் தண்ணி அலைஞ்சு நிண்ட பிறகும் ஒரு தள்ளுத் தள்ளும். மூண்டு தூரத்தையும் அவன்ர கையாலயே கொப்பியில எழுதினால், பனைக்கு எவ்வளவு முன்னம் விட வேணும் எண்டு ஆரும் சொல்லத் தேவையில்லை.

குளக்கட்டு எழுதியது:

பழகிற இடத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இரணைமடுவிலயும் வவுனியாவிலயும் விமானப்படை ஓடுபாதை இருக்கு. அந்தச் சுற்றிலயோ இராணுவ முகாம் வேலிக்குக் கிட்டவோ சின்ன ட்ரோன்கூடக் கிளப்பக் கூடாது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அனுமதிக் கடிதத்தின்ட பிரதி கையில இருக்கட்டும். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் நாள், இடம் முன்கூட்டியே சொல்லி விடுங்கோ.

ட்ரோன் விழுந்தால் பெடியன் ஓடிப் போய் எடுக்கப் பாப்பான். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்குப் பக்கத்தில பழக்கவே வேண்டாம். எங்கயாவது சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அங்கால விழுந்தால் அது அங்கயே கிடக்கட்டும், அகற்றிற நிறுவனத்துக்கு அறிவியுங்கோ. பலகை இல்லாத பற்றைக்காடு எண்டாலும் ஊராக்களைக் கேட்டுத்தான் கால் வைக்கிறது. இதை முதல் நாள் பாடமாச் சொல்லுங்கோ.

காட்டோர வயலெண்டால் யானை வேலிக் கம்பி. மெல்லிய கம்பியை ட்ரோனில இருக்கிற ரேடர் பிடிக்கும் எண்டு நம்பேலாது, கரண்ட் வயரையும்தான். நடந்து பாத்து ஒவ்வொரு கம்பத்திலயும் சாக்குத் துண்டு கட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. சிக்னல் போனால் தானாத் திரும்பி வாற உயரத்தையும் பாருங்கோ. பனை 30 மீற்றருக்கும் வளரும். 20 இல வைச்சால் வட்டுக்குள்ளதான் வந்து நிக்கும். கிளப்பிற இடம் மாறின ஒவ்வொரு தரமும் திரும்பி வாற புள்ளியும் மாறினதோ எண்டு திரையில பாக்க வேணும். திசைகாட்டி சரிபாக்கிறது உழவு இயந்திரப் பெட்டியில இருந்தும் கொங்கிறீற் மதகில இருந்தும் தள்ளி.

பரந்தன்வெளி எழுதியது:

நல்ல விளக்கம். கடைசியா ஒண்டு: தகப்பனுக்கு என்ன சொல்லுறது? நாள் கேக்கிறார்.

வரம்போரம் எழுதியது:

நாள் சொல்லாதேங்கோ, அளவு சொல்லுங்கோ. ஒரு கடதாசியில எழுதி, பெடியனுக்கும் ஐயாவுக்கும் ஒண்டாக் குடுங்கோ. சின்ன ட்ரோனில நாலு பக்கமும் 60 செக்கன், மூண்டு தரம். பெரியதில தண்ணியோட 10 மீற்றர் சதுரம், பிறகு எட்டு வடிவம், மூக்கு எப்பவும் போற பக்கம் பாத்தபடி. படங்கில 10 இறக்கம் தொடர்ந்து, இடையில திரும்ப எடுத்தால் அதுவும் சரியான இறக்கமாக் கணக்கு. முன்கூட்டிச் சொல்லாமல் நீங்கள் ஓட்டோவை நிப்பாட்ட, அவன் ட்ரோனைக் கையால கிளப்பின இடத்துக்குக் கொண்டு வாறது 5 தரம். வைச்ச பிழையை 10 இல 10 கண்டுபிடிக்கிறது. 9 எண்டால் திரும்ப 10. எல்லாம் முடிஞ்ச பிறகு உங்களோட நிண்டு உண்மையான மருந்து 5 ஏக்கர். பிறகுதான் தனிய.

கடைசி வரி: "விடு" எண்டு சொல்லி விடாட்டி அண்டைய நாள் முடிஞ்சுது. கோவிக்காமல், குரல் உயர்த்தாமல், பற்றரியைக் கழட்டி வைச்சிட்டு வீட்டுக்குப் போறது. ஒருக்கால் விட்டுக் குடுத்தால் அந்த வரி இல்லாததுக்குச் சமன்.

ஐயாவுக்கு லீசிங் தவணையின்ட கவலை, அது உண்மையான கவலை. அதுக்கும் வழி இருக்கு. இந்தப் போகத்துக்குத் தேர்ந்த ஓட்டுநர் ஒருத்தரைக் கூலிக்குப் பிடிச்சு அந்த ட்ரோனை ஓடவிடலாம். பெடியன் உதவியாளா நிக்கட்டும். மருந்து கலக்கிறது, பற்றரி பாக்கிறது, கம்பத்துக்குச் சாக்குக் கட்டுறது, காத்து பாக்கிறது எல்லாம் அவன்ர வேலை. ட்ரோனும் உழைக்கும், அவனும் வயல் படிப்பான். பற்றரி வேலையில அவன்ர பொறுமையும் தெரியும்: இறக்கின சூட்டோட சார்ஜில போட்டால் பற்றரி வீங்கும். நிழலில வைச்சு, புறங்கையை வைச்சுப் பாத்துச் சூடு ஆறினதுக்குப் பிறகுதான் போட வேணும். ஓட்டம் இல்லாத நாளில முழுச் சார்ஜோட வைக்காமல் பாதியளவில, செல்லுக்கு 3.8 வோல்ற் கிட்ட. மூண்டு கிழமை இதைச் சொல்லாமலே ஒழுங்காச் செய்தான் எண்டால் செக் லிஸ்ற்றைப் பற்றி நீங்கள் திரும்பக் கதைக்க வேண்டி வராது.

பரந்தன்வெளி எழுதியது:

சரி. நாளைக்குக் காலமை ஐயாவையும் கூப்பிட்டுக் கடதாசியைக் குடுக்கிறன். பெரிய ட்ரோனை ஒரு கிழமைக்கு மூடி வைக்கிறன், சின்னது ஒண்டு கிளிநொச்சியில எடுக்கலாம். பிறேக் தூரம் மூண்டும் அளந்தவுடன இங்க போடுறன், இதே 10 லீற்றர் மாடல் வைச்சிருக்கிற ஆக்கள் தங்கட அளவோட ஒப்பிட்டுச் சொல்லுங்கோ.